வெடிக்காத வாணம்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில், பாதித் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மேற்கே கரை நல்லாவே தெரிந்தது. தென்னை மரம், கோபுரம், சீரியல் பல்பு, எல்லாம். ஆனால் துடுப்பை நான் ஒரு முறை போட்டால், காற்று என்னை இரண்டு முறை கிழக்கே தள்ளியது.

எப்படி அங்கே போய் மாட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். நெல் விளைகிற கிராமம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. அம்மா போன பிறகு ஊரில் அண்ணன் குடும்பம் மட்டும்தான். கல்யாணம் ஏனோ எனக்குக் கூடி வரவில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம். அந்த வரிசையில் மற்ற ரூம்களில் எல்லாம் ஒடிசா, பீகார் பையன்கள். நல்ல பிள்ளைகள், பார்த்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் பேச எங்களுக்குப் பாஷை கிடையாது. எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே லீவில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் உலைக்குப் பக்கத்தில் நிற்பேன். நான் லீவில் இருக்கும் வெள்ளிக்கிழமை யாரைக் கூப்பிட்டாலும், "டூட்டில இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்பார்கள். அந்த அப்புறம் வராது.

எனக்கு ஜனங்களோடு பேசப் பிடிக்கும். யாராவது ஒரு வார்த்தை அழகாகச் சொல்லிவிட்டால் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் கேட்ட வார்த்தைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்டவனுக்கு வாரத்தில் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதை விட, நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமே என்றுதான் கயாக் வந்தது. மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மட்டை வைத்த துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகு அது. மூடிப்போன ஒரு கடற்கரை விடுதியில் வெயிலில் கிடந்ததை வாங்கி வந்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழவேற்காடு ஏரியில் பழகினேன். கிணற்றில் நீச்சல் பழகியவன்தானே, தண்ணீர் பயம் இல்லை.

எங்கள் ஆலையில் ஒரு ஃபிட்டர் அண்ணன் உண்டு. ஆந்திரா எல்லைக்காரர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். விஷயம் தெரிந்ததும், "ஏன் நைனா, தண்ணி நடுவுல தனியா போய் இன்னா பண்ணுவ?" என்றார்.

"சும்மா இருப்பேன்ணா."

"அத்த ரூம்லயே இருக்கலாமே. நனையாமயாவது இருப்ப."

அந்தப் பேச்சை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை நான் காதில் வாங்கவில்லை. "எங்க போனாலும் ஒரு ஆளாண்ட சொல்லிட்டுப் போ நைனா" என்றார். யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் கவலைப்படுவார். அண்ணனிடம் சொன்னால் திட்டுவார். ரூம் பையன்களிடம் சொல்லப் பாஷை இல்லை. அதனால் ஆளுக்குப் பதில் ஒரு பொருளை வாங்கினேன்.

ஃப்ளேர் என்பார்கள். கடலில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்டுக் கொளுத்துகிற வெளிச்சம். சென்னையில் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சந்தில் கப்பல் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. மூன்று தினுசு. பகலில் ஆரஞ்சுப் புகை விடுவது ஒன்று. மேலே பறந்துபோய், குட்டிப் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு சிவப்பாக எரிவது ஒன்று. கையில் பிடித்துக்கொள்கிற சிவப்புத் தீவட்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வாங்கி வெச்சிக்கோ. ஆனா கொளுத்தற நேரம் வரக்கூடாதுன்னு வேண்டிக்கோ. நான் விக்கறதுலயே உபயோகப்படக்கூடாதுன்னு நெனைக்கிற ஒரே சரக்கு இதான்" என்றார். அதையும் முடிந்து வைத்துக்கொண்டேன். மூன்றையும் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, கயாக்கில் என் சீட்டுக்குப் பின்னால் கட்டினேன். அன்றைக்கு எனக்கு வந்த தைரியம் இருக்கிறதே! இனிமேல் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்கிற தைரியம்.

அந்த ஆடி வெள்ளிக்கு வருகிறேன். கயாக்கை ஏரிக்கரையில் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கட்டி வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஐஸ் கம்பெனி பூட்டியிருந்தது. வழக்கமாக "இன்னாண்ணா, வேட்டைக்குக் கெளம்பிட்டியா" என்று கிண்டல் பண்ணும் ஆட்கள் யாரையும் காணோம். நானே இழுத்துப்போய் ஏரியில் விட்டேன். முகத்துவாரத்துப் பக்கம் போகும்போது, எதிர் மணலில் மீனவ கிராமத்துப் படகுகள் எல்லாம் வரிசையாக ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு படகின் மூக்கிலும் மஞ்சள் பூசி, வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. கடலில் ஒரு படகு கிடையாது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆகா, இன்றைக்குக் கடல் மொத்தமும் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

வேப்பிலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் அம்மனுக்குக் காப்பு கட்டினால், திருவிழா முடிகிற வரைக்கும் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். எங்களுக்கு எல்லை என்றால் வரப்பு, வாய்க்கால். இவர்களுக்குக் கடல். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஒரு படகும் கடலில் இறங்காது. நிலத்துக்காரன் எனக்கு இது உறைக்கவில்லை. ஆள் இல்லாத கடல் என்றால் உதவிக்கும் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் சந்தோஷமாகத் துடுப்பு போட்டேன்.

ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். முகத்துவாரம் என்னை வாரி வெளியே எறிந்தது. வெளி அலை உடைகிற இடத்தில் கயாக் பக்கவாட்டில் திரும்பியது, அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமி, எப்படியோ மறுபடி மேலே ஏறிப் படுத்தபோது இரண்டு சாமான் போயிருந்தது. கழுத்தில் உறை போட்டு மாட்டியிருந்த போன் ஒன்று. துடுப்பில் பாதி இன்னொன்று. நடுவில் சேர்க்கிற துடுப்பு அது; சேர்ப்பு விட்டு ஒரு பாதி மட்டும் என் கையில் இருந்தது. மற்றதைத் தேடிக் கண்ணை ஓட்டுவதற்குள் ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று. கரையிலிருந்து கடலுக்கு. ஊரில் அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே நெல் தூற்றியிருக்கிறோம். பதர் எப்படிப் போகும் என்று அன்றைக்குப் பதராக இருந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரம் பாதித் துடுப்பால் போராடினேன். தோள் செத்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டில் இருந்த விசிலை ஊதினேன். ஊதிய சத்தத்தைக் காற்று எனக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனது. தெற்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. பொழுது சாயச் சாய அதன் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. அங்கே ஷிப்டு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன்.

டப்பாவைத் திறந்தேன். வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே புகையை விடுவோம் என்று அதை முதலில் எடுத்தேன். நல்ல ஆரஞ்சு நிறத்தில் புசுபுசுவென்று வந்தது. மேலே எழும்பவில்லை. காற்று அதைத் தண்ணீரோடு தண்ணீராகத் தேய்த்துக் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் புகை போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பாட்டு கேட்டது.

காற்று கரையிலிருந்து வருகிறது அல்லவா? கிராமத்துக் கோயிலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் சத்தம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. அம்மன் பாட்டு, பம்பை, உடுக்கை, எல்லாம் பக்கத்தில் நடக்கிற மாதிரி. நடு நடுவே மைக் பிடித்தவர் பேசுவார். "கூழ் ஊத்தற பொம்பளைங்க கொஞ்சம் வரிசையா வாங்கம்மா." "யாருதுப்பா அந்தப் பச்ச சைக்கிளு, வழியிலயே நிக்குது, வந்து எடு." கொஞ்ச நேரம் கழித்து, "பச்ச சைக்கிளு இன்னும் அங்கயேதான் நிக்குது" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பயம் வந்தது. அவர்கள் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கிறது. நான் கத்துவது ஒன்றும் அவர்களுக்குக் கேட்காது. என் வாழ்க்கையே கொஞ்ச நாளாக இப்படித்தானே இருக்கிறது என்று பட்டது.

இருட்ட ஆரம்பித்ததும் பாராசூட் வைத்ததை எடுத்தேன். படித்து வைத்திருந்தபடி மூடியைக் கழற்றி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். சீறிக்கொண்டு போனது. அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் சிவப்பாகப் பூத்து, அப்படியே தொங்கியது. கடலெல்லாம் குங்குமம் கரைத்த மாதிரி ஆனது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இதைப் பார்க்காமல் இருக்க முடியாது, யாராலும் முடியாது என்று வாய்விட்டே சொன்னேன்.

பார்த்தார்கள். மைக்காரர்தான் முதலில் பார்த்தார்.

"ஆகா, ஆகா! கடல்லேர்ந்து வாணம் உட்டிருக்காங்கப்பா! யாருன்னு தெரில, அம்மாவுக்குக் கடல்லேர்ந்தே வாணம் வந்திருக்கு! எல்லாரும் ஒரு தபா ஜோரா கைதட்டுங்க! டேய், நம்ம வாணத்த எடுங்கடா, பதிலுக்கு உடுங்க!"

கரையிலிருந்து ஒன்று சர்ரென்று மேலே போய்ப் பச்சையும் மஞ்சளுமாக வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசையாக. ஸ்பீக்கரில் விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன. திருவிழாவின் கடைசி நாள், வாண வேடிக்கை நேரம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களைக் குற்றம் சொல்லவே மாட்டேன். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போவதை வீட்டு வாசலில் நின்று பார்க்கிற ஜனங்கள். மேலே போகிற வெளிச்சத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான் வரும், பதற்றம் வராது.

என் உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரு ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் சிவப்பு மெல்ல இறங்கி, காற்றில் கிழக்கே நகர்ந்து, தண்ணீரைத் தொடுவதற்கு முன்னாலேயே அணைந்தது.

மிச்சம் கைத் தீவட்டி ஒன்று. அதைக் கொளுத்தினால் கொஞ்ச நேரம்தான் எரியும். வாணம் போய்க்கொண்டிருக்கும்போது கொளுத்தினால் அதுவும் வேடிக்கையோடு வேடிக்கையாகப் போய்விடும். வாணம் முடிகிற வரைக்கும் காத்திருந்தால், நான் எவ்வளவு தூரம் போயிருப்பேனோ தெரியாது. டப்பாவைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கரையையே பார்த்தேன். விளக்குகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. நனைந்த உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நான் இல்லை என்பது எப்போது, யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். சனிக்கிழமை ஷிப்டுக்கு வரவில்லை என்றால் சூப்பர்வைசர் ஆப்சென்ட் போடுவார். ஃபிட்டர் அண்ணன் போன் போட்டுப் பார்ப்பார். அது அணைந்திருக்கும். எங்கே என்று தேட ஆரம்பிக்க அவர்களுக்கு ஒரு இடம்கூடத் தெரியாது.

அப்போதுதான் பாட்டு பாதியில் நின்றது.

ஸ்பீக்கரில் கரமுரவென்று சத்தம். மைக்காரர் குரல், கொஞ்சம் தள்ளி, பதறிப்போய்: "யக்கா, யக்கா, நீ உள்ள வரக்கூடாதுக்கா! தீட்டு ஊடுக்கா!"

ஒரு பெண் குரல்: "அத்த அப்புறம் பேசிக்கலாம், மைக்க குடு."

"காப்பு அவுக்கல இன்னும்..."

"குட்றான்னா!"

அதற்குப் பிறகு அந்தப் பெண் குரல் நேராக என்னிடம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். "யாருப்பா அது கடல்ல? நான் பேசறது கேக்குதா? நீ உட்டது வெடிக்கல. நான் பார்த்துக்கினே இருந்தேன், தொங்கிக்கினு கெடந்து அணைஞ்சிடுச்சு. வெடிக்காத வாணத்த சந்தோஷத்துக்கு யாரும் உட மாட்டாங்க. நீ ஆபத்துல இருந்தீன்னா இன்னொண்ணு காட்டு. இங்க ஒருத்தனும் வாணம் கொளுத்த மாட்டான், நான் பாத்துக்கறேன். காட்டுப்பா!"

"இருக்கேன்! இருக்கேங்க!" என்று கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் முதல் தடவையாக யாரோ என்னிடம் பேசுகிறார்கள், பதில் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

விறைத்த விரலுக்குத் தீவட்டியின் மூடி திரும்பவில்லை. பல்லால் கடித்துத் திருப்பினேன். கயிற்றை இழுத்ததும் பக்கென்று பிடித்தது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்திப் பிடித்தேன். உருகின நெருப்பு ஒரு சொட்டு கயாக்கின் மேல் விழுந்து பிளாஸ்டிக்கைக் குழி பறித்தது. கரையில் ஒரு வாணமும் இல்லை. பம்பை இல்லை, பாட்டு இல்லை. சீரியல் பல்புகள் மட்டும் மினுக்கின. ஒரு ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது என்பது அந்த நிசப்தத்திலேயே தெரிந்தது.

"தெரியுது! தெரியுது தம்பி! அப்பிடியே இரு!"

தீவட்டி அணைந்தது. முன்னைவிட இருட்டு அதிகமானது. ஆனால் அந்த அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை. எனக்குப் பதிலுக்குக் காட்ட வெளிச்சம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போல. பேசிக்கொண்டே இருந்தார்.

"வெளிச்சம் அணைஞ்சிடுச்சு, பரவால்ல. எடத்தப் பார்த்துக்கினாங்க. பயப்படாத. படகத் தள்றாங்க தம்பி. நாலு பேரு தள்றாங்க, நவுரல. இன்னும் ஆளு போறாங்க. ஆங், எறங்கிடுச்சு. டீசல் கேனு எங்கன்னு தெரிலயாம், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடறாங்க... கெடச்சிடுச்சு. இன்ஜினு பிடிக்கல. ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கிறான், நான் அத்த மைக்குல சொல்லக்கூடாது. எதுனா துன்னியா தம்பி? பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும், சும்மா கேக்கறேன். ஆங், பிடிச்சிடுச்சு! கேக்குதா சத்தம்?"

கேட்டது. அந்தப் படகு வந்து சேர்கிற வரைக்கும் அக்கா பேச்சை நிறுத்தவே இல்லை. திருவிழாவில் என்ன குழம்பு, எந்த வீட்டுப் பிள்ளை தூங்கிவிட்டது, பச்சை சைக்கிள் யாருடையது (மைக்காரர் மச்சானுடையதாம்) என்று எல்லாம் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நடுக்கடலில் நனைந்து நடுங்கிக்கொண்டு, வாழ்க்கையில் இவ்வளவு நேரம் ஒருவரோடு நான் பேசியதே இல்லை என்று தோன்றியது.

படகில் மூன்று பேர் வந்தார்கள். என் விசிலையும், டார்ச் பட்டு மின்னிய லைஃப் ஜாக்கெட்டையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். கையைக் கொடுத்துத் தூக்கியபோது மூன்று மணிக்கட்டிலும் மஞ்சள் கயிற்றுக் காப்பு இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் வாசம். அவிழ்க்காத காப்போடு கடலில் இறங்கியிருக்கிறார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "மன்னிச்சிக்கோங்கண்ணா, என்னால காப்புக்குக் குத்தம்..." என்றேன்.

இன்ஜினைப் பிடித்திருந்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா கோச்சிக்க மாட்டா. அப்பிடியே கோச்சிக்கினாலும் என்னாண்ட சொல்லட்டும், நான் பேசிக்கறேன்" என்றார்.

இன்னொருவர் கயாக்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டே, "இன்னாபா இது, குளிக்கற டப்பு மாதிரி கீது, இதுலயா கடலுக்கு வந்த?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை கூடச் சிரிக்க ஆள் இருந்தது.

கரையில் கூட்டம். துண்டைப் போர்த்தினார்கள், கூழ் கொடுத்தார்கள். கண் அந்த அக்காவைத் தேடியது. காணோம். பந்தலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பானையில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலையால் தெளித்துக்கொண்டிருந்தார். சாவு விழுந்த வீடு வருஷம் திரும்புகிற வரைக்கும் திருவிழாவில் கலந்துகொள்ளாது. காப்பு கட்டாது, கூழுக்குப் பானை வைக்காது, பந்தலுக்குள் கால் வைக்காது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய் வருஷம் இன்னும் திரும்பவில்லை. அக்கா மிதித்த இடத்துக்குத்தான் அந்தத் தண்ணீர். ஒரு அம்மா முணுமுணுத்தார்: "எல்லைக்கு வெளிய நின்னு கூப்ட்டிருக்கலாம்ல?"

தெளித்துக்கொண்டிருந்த பெரியவர், "கூப்ட்டா. நீங்க பம்பைல இருந்தீங்க, நானும் இருந்தேன். நம்ம காதுல உழல. உழாதது அவ குத்தமா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். தெருவின் கடைசி வீடு. மற்ற வீட்டு வாசல்களில் எல்லாம் கோலமும் வேப்பிலையும் இருந்தன, இதில் இல்லை. முன்வாசல் கோயிலைப் பார்த்திருந்தது, கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் போனால், கடலைப் பார்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். மைக்கில் அவ்வளவு கத்தியவரா இவர் என்று இருந்தது, அவ்வளவு சின்ன உருவம்.

"வந்துட்டியா தம்பி. உக்காரு" என்றார். உட்கார இன்னொரு நாற்காலி இல்லை. மணலில் உட்கார்ந்தேன். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஊரே அந்தப் பக்கம் பார்த்துக்கினு இருந்தப்போ, நீங்க மட்டும் எப்படிக்கா கடலைப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் பாத்தா அழுவ வருது. அதான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கினேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, "நீ ஏன் தம்பி தனியா போன?" என்றார்.

"கூட வர ஆள் இல்லக்கா."

"கூட வர ஆளு இல்லாட்டி இன்னா, போறேன்னு சொல்றதுக்குமா இல்ல?"

டீயைக் குடித்தேன்.

முதுகுக்குப் பின்னால் பம்பை மறுபடி தொடங்கியது. நிறுத்திய வாணங்களை மறுபடி விட ஆரம்பித்தார்கள். "திரும்பிப் பாரு தம்பி, நீ பாக்கலாம், உனக்கு இன்னா" என்றார். "இங்கயே இருக்கேன்க்கா" என்றேன். இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடியே இருந்தோம். ஒவ்வொரு வாணம் வெடிக்கும்போதும் அதன் நிறம் கரையோரத் தண்ணீரில் ஒரு நொடி பரவி மறைந்தது. திருவிழா எங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, தலைகீழாக, தண்ணீர் வழியாக. அவர் ஒரு தடவை, "அது நல்ல பச்சை" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கயாக் எடுக்கிறேன். முகத்துவாரத்தைத் தாண்டுவதில்லை. டப்பாவில் புதுசாக மூன்று ஃப்ளேர் இருக்கிறது. கயாக்கின் மேல் அந்த உருகின குழி இருக்கிறது. கிளம்பும் முன் அக்காவுக்குப் போன் போடுவேன். "செரி, போ, பாத்துக்கினு இருக்கேன்" என்பார். திரும்பி வந்து போட்டால், "வந்துட்டியா, செரி" என்று வைத்துவிடுவார். வருஷம் திரும்பிய பிறகு வந்த ஆடியில் அவர் காப்பு கட்டிக்கொண்டார், பானை வைத்தார், பந்தலில் எல்லாரோடும் நின்றார். அந்தத் தடவை கடைசி நாள் வேறு கிழமையில் வந்தது, நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வாணம் விடுகிற நேரத்தில் கூட்டத்தில் அவரைக் காணோமே என்று தேடினேன். தெருக்கோடியில், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் கடலைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

எவ்வளவு சிவப்பாக எரிந்தாலும் அந்த வெளிச்சம் பாதி வேலையைத்தான் செய்யும், மிச்சப் பாதிக்கு நம் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் வேண்டும் என்பது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த டப்பாவைக் கட்டும்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.